தொழக் கற்ற முதல் தலைமுறை

தொழுகை நமக்குப் பிறப்போடு வந்த உடைமை போலத் தோன்றுகிறது. தாய் குனியும்போது தானும் குனிந்து, அவள் ஸுஜூதில் இருக்கும்போது முதுகில் ஏறி விளையாடி, ஏழு வயதில் மக்தபில் அல்ஹம்து ஓதி, பத்து வயதில் பள்ளிவாசல் வரிசையில் நின்று வளர்ந்தவனுக்குத் தான் எப்போது தொழக் கற்றோம் என்பதே நினைவிராது. நடக்கக் கற்றதை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

ஆனால், இந்தத் தொழுகையை அறிந்தவர் அரபுநாட்டில் ஒருவர்கூட இல்லாதிருந்த காலம் ஒன்று உண்டு. அன்று முதியவரும் புதியவர்; தலைவரும் புதியவர். நாற்பது வயதைக் கடந்தவர்கள், குலத்தில் மூத்தவர்கள், வாளேந்திப் பேர்பெற்றவர்கள், கவிதையில் வல்லவர்கள் எல்லாரும் கைகட்டுவது எப்படி, குனிவது எப்படி, நெற்றியைத் தரையில் வைப்பது எப்படி என்று குழந்தைகளைப்போல் கற்றுக்கொண்டார்கள். இஸ்லாமிய வரலாற்றில் போர்களைப் பற்றியும் ஆட்சிகளைப் பற்றியும் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. தொழக் கற்றுக்கொண்டவர்களின் வரலாறு மட்டும் ஹதீஸ் நூல்களின் பக்கங்களில் சிதறிக் கிடக்கிறது. அதை ஒன்றுதிரட்டிப் பார்ப்பது வரலாற்று இன்பத்துக்காக மட்டுமன்று. இன்றும் நம்மிடையே தொழத் தெரியாமல் நிற்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் நமக்கும் அதில் ஒரு செய்தி இருக்கிறது.

முதல் மாணவர்

தொழக் கற்ற முதல் மாணவர் அண்ணல் நபி (ஸல்) அவர்களே என்று சொன்னால் அது மிகையன்று. மிஃராஜ் இரவில் ஐம்பதாக விதிக்கப்பட்டு ஐந்தாகக் குறைக்கப்பட்ட தொழுகை கடமையாயிற்று. கடமையானது விண்ணில், செயல்முறைப் பாடம் நடந்ததோ மண்ணில். வானவர் ஜிப்ரீல் (அலை) அவர்கள் இறங்கிவந்து கஅபாவின் அருகே இரண்டு நாட்கள் முன்னின்று தொழவைத்தார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். முதல் நாள் ஒவ்வொரு தொழுகையையும் அதன் நேரம் தொடங்கியவுடனும், இரண்டாம் நாள் நேரத்தின் கடைப்பகுதியிலும் தொழவைத்தார்கள். மஃரிபை மட்டும் இரு நாட்களிலும் ஒரே நேரத்தில், சூரியன் மறைந்ததும் தொழவைத்தார்கள். பின்னர், இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதே நேரம் என்று தெளிவாக்கினார்கள்.

இந்தப் பாடத்தின் முறையை உற்று நோக்க வேண்டும். நேரங்களின் பட்டியலை ஜிப்ரீல் (அலை) ஒப்பித்துவிட்டுப் போயிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. இரண்டு நாட்கள் உடன் நின்று, செய்து காட்டி, அதன்பிறகே சுருக்கமாக ஒரு வாக்கியம் சொன்னார்கள். செயல் முன்னும் சொல் பின்னும் வந்தன. வானவர் ஆசிரியராக வந்த முதல் வகுப்பிலேயே தொழுகைக் கல்வியின் இலக்கணம் வகுக்கப்பட்டுவிட்டது எனலாம்.

படிப்படியாக வந்த தொழுகை

இன்று நாம் காணும் முழு வடிவில் தொழுகை ஒரே நாளில் வந்துவிடவில்லை. தொடக்கத்தில் தொழுகைகள் இரண்டிரண்டு ரக்அத்துகளாகவே கடமையாயின. பின்னர்ப் பயணத்தொழுகை அவ்வாறே நிலைபெற, ஊரில் இருப்போரின் தொழுகையில் கூட்டப்பட்டது என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறுகிறார்கள். தொழுகையில் நிற்கும்போதே பக்கத்தில் நிற்பவரிடம் தம் தேவையைப் பற்றிப் பேசிக்கொள்ளும் வழக்கமும் முதலில் இருந்தது. அல்லாஹ்வுக்குப் பணிந்து நிற்குமாறு கட்டளையிடும் அல்பகரா அத்தியாயத்தின் 238ஆம் வசனம் இறங்கிய பிறகுதான் வாய்மூடி நிற்குமாறு ஏவப்பட்டோம் என்று ஸைது இப்னு அர்கம் (ரலி) அவர்கள் நினைவுகூர்கிறார்கள்.

கிப்லாவும் அப்படித்தான். மதீனா வந்த பிறகு பதினாறு அல்லது பதினேழு மாதங்கள் பைத்துல் முகத்தஸை நோக்கியே தொழுதார்கள். ஹிஜ்ரி 2இல் (கி.பி. 624) கஅபாவை நோக்குமாறு ஆணை வந்தது. குபாவில் வைகறைத் தொழுகையில் நின்றவர்களிடம் ஒருவர் வந்து இச்செய்தியைச் சொன்னார். அவர்கள் தொழுகையை முறிக்கவுமில்லை, முடியட்டும் என்று காத்திருக்கவுமில்லை. நின்ற நிலையிலேயே வடக்கிலிருந்து தெற்காகத் திரும்பிக்கொண்டார்கள். கற்றது மாறும்போது கலங்காமல் திரும்பத் தெரிந்தவர்களே நல்ல மாணவர்கள். அந்தத் தலைமுறை முழுவதும் அத்தகைய மாணவர்களாக இருந்தது.

யத்ரிபுக்குச் சென்ற ஆசிரியர்

கி.பி. 621இல் முதல் அகபா உடன்படிக்கை நடந்தது. யத்ரிபிலிருந்து வந்து வாக்களித்துத் திரும்பியவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் அனுப்பியது படையன்று, ஓர் ஆசிரியர். மக்காவின் செல்வக் குடும்பத்தில் பிறந்து எல்லாவற்றையும் துறந்து வந்த முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்களே அவர். அஸ்அத் இப்னு ஸுராரா (ரலி) அவர்களின் வீட்டில் தங்கிக் குர்ஆன் ஓதிக்கொடுத்தார், தொழுகை நடத்தினார். 'முக்ரீ' (ஓதிக்கொடுப்பவர்) என்றே அவரை ஊரார் அழைத்தனர். கண்பார்வை இல்லாத இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களும் அங்கே ஓதிக்கொடுத்ததாக புகாரீயில் காண்கிறோம். நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் காலடி வைக்கும் முன்பே அந்த ஊர் தொழக் கற்றிருந்தது. மதீனாவின் திறவுகோல் தொழுகைப் பாடமே என்று ஓர் ஆசிரியன் பெருமைப்பட்டால் அதில் குற்றமில்லை.

கண்ணால் கற்ற பாடம்

மதீனாவில் பள்ளிவாசல் எழுந்த பிறகு அதுவே வகுப்பறையாயிற்று. நாயகத்தின் தொழுகையைக் கண்டவாறே தாமும் தொழ வேண்டும் என்பதே பாடத்திட்டம். கூட்டம் பெருகியபோது பின்வரிசையில் நின்றோர்க்குக் காண்பது அரிதாயிற்று. அப்போது நடந்த ஒரு நிகழ்ச்சியை ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்கள் விவரிக்கிறார்கள். அன்ஸாரிப் பெண்மணி ஒருவரின் தச்சுத் தொழிலறிந்த பணியாள் ஒருவர், காட்டிலிருந்து கொணர்ந்த மரத்தால் மூன்று படிகள் கொண்ட மிம்பரைச் செய்துகொடுத்தார். நாயகம் (ஸல்) அவர்கள் அதன்மீது ஏறி நின்று தக்பீர் கட்டினார்கள், அங்கேயே ருகூவு செய்தார்கள், பிறகு முகம் திருப்பாமல் பின்னோக்கி இறங்கி மிம்பரின் அடியில் ஸுஜூது செய்தார்கள், மீண்டும் மேலேறினார்கள். தொழுகை முடிந்ததும், மக்கள் தம்மைப் பின்பற்றவும் தம் தொழுகையைக் கற்றுக்கொள்ளவுமே இவ்வாறு செய்ததாக விளக்கினார்கள்.

மிம்பர் என்றால் உரை நிகழ்த்தும் மேடை என்றே நாம் அறிவோம். ஆனால் அது செய்துகாட்டும் மேடையாகவும் இருந்திருக்கிறது. கடைசி வரிசைக்காரரும் காண வேண்டும் என்பதற்காக அண்ணலார் படியேறி இறங்கித் தொழுதார்கள் என்றால், கற்பவன்பால் அவர்கள் வைத்திருந்த கரிசனம் எத்தகையது!

கூட்டத்துக்குக் காட்டிய பாடம் அது. தனியாருக்குக் காட்டிய பாடம் வேறு விதம். தம் கையை நாயகத்தின் இரு கைகளுக்கும் நடுவே வைத்துக்கொண்டு, குர்ஆன் அத்தியாயத்தைக் கற்றுத்தருவதுபோல் அத்தஹிய்யாத்தைக் கற்றுத்தந்தார்கள் என்று அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் சொல்கிறார்கள். சொற்களோடு அந்தக் கைகளின் வெப்பமும் அவர் நினைவில் தங்கியிருக்கிறது. இப்னு அப்பாஸ் (ரலி) சிறுவராக இருந்தபோது, தம் சிற்றன்னை மைமூனா (ரலி) அவர்களின் வீட்டில் ஓரிரவு தங்கினார். நாயகம் (ஸல்) அவர்கள் எழுந்து தொழ, அவரும் எழுந்து ஒளுச் செய்து இடப்பக்கம் வந்து நின்றுவிட்டார். அண்ணலார் தொழுகையை நிறுத்தவில்லை; கையை நீட்டிச் சிறுவரின் காதைப் பிடித்து வலப்பக்கம் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இருவர் மட்டும் தொழும்போது பின்பற்றுபவர் வலப்பக்கம் நிற்க வேண்டும் என்னும் சட்டம் அந்தச் சிறுகாதின் வழியே நமக்கு வந்து சேர்ந்தது.

தவறியவர்கள் தந்த செல்வம்

புதிதாகக் கற்பவன் தவறுவான். அந்தத் தலைமுறையும் தவறியது. நம் ஃபிக்ஹு நூல்களின் சட்டங்கள் பல அவர்கள் தவறியதால் கிடைத்தவை என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஒருவர் பள்ளிவாசலுக்கு வந்து அவசரமாகத் தொழுதார். தொழுதுவிட்டு ஸலாம் சொன்னார். நாயகம் (ஸல்) அவர்கள் பதில் ஸலாம் கூறி, தொழுகை நிறைவேறவில்லை, திரும்பச் சென்று தொழுமாறு பணித்தார்கள். இவ்வாறு மூன்று முறை நிகழ்ந்தது. மூன்றாம் முறை அவர், இதைவிட நன்றாகத் தமக்குத் தெரியாது என்று சத்தியம் செய்து, கற்றுத்தருமாறு வேண்டினார். அப்போதுதான் பாடம் தொடங்கியது. ஒளுவை நிறைவாகச் செய்வது, கிப்லாவை நோக்குவது, தக்பீர் சொல்வது, குர்ஆனில் எளிதானதை ஓதுவது, ருகூவில் அமைதிபெறுவது, நிமிர்ந்து நேராக நிற்பது, ஸுஜூதில் அமைதிபெறுவது, இடையே அமர்ந்து அமைதிபெறுவது, பின்னர்த் தொழுகை முழுவதும் இவ்வாறே செய்வது என்று சில சொற்களில் அனைத்தும் அடங்கிவிட்டன. அவர் பெயர் கல்லாத் இப்னு ராஃபிஉ (ரலி) என்பர் விரிவுரையாளர்கள்.

எதற்காக மூன்று முறை திருப்பி அனுப்ப வேண்டும்? முதல் முறையே சொல்லியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். தனக்குத் தெரியாது என்பதைத் தானே உணர்ந்து கேட்பவனுக்குச் சொல்லும் பாடம் நெஞ்சில் ஆழப் பதியும். கேட்கும் வரை பொறுத்திருப்பதும் ஆசிரியரின் கலைதான். அந்தப் பாடம் எவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்பதற்கு ஷாஃபிஈ நூல்களில் ஒரு சான்று உண்டு. இமாம் நவவீ (ரஹ்) தம் மின்ஹாஜில் தொழுகையின் ருக்னுகளைப் பதின்மூன்று என்று எண்ணினார். சிறுவர்கள் ஓதும் ஸஃபீனத்துன் நஜாவோ பதினேழு என்று எண்ணுகிறது. வேறுபாடு நான்கு. அந்த நான்கும் எவை? ருகூவு, நிமிர்ந்த நிலை, ஸுஜூது, நடு அமர்வு ஆகிய நான்கிலும் நிதானித்து அமைதிபெறும் 'துமஃனீனத்'தைத் தனித்தனியாக எண்ணியதுதான் அது. அவசரப்பட்ட அந்த ஒருவரின் குறை, ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்ட பாலபாடத்திலும் இடம்பெற்றிருக்கிறது.

இன்னொருவர் முஆவியா இப்னுல் ஹகம் அஸ்ஸுலமீ (ரலி). ஜமாஅத்தில் நின்றபோது பக்கத்தில் ஒருவர் தும்மினார். தும்மியவருக்கு யர்ஹமுகல்லாஹ் சொல்ல வேண்டும் என்பதை அவர் கற்றிருந்தார். தொழுகையில் சொல்லக் கூடாது என்பதை இன்னும் கற்கவில்லை. உரக்கச் சொல்லிவிட்டார். எல்லார் கண்களும் அவரை மொய்த்தன. ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள் என்று அதையும் உரக்கவே கேட்டார். மக்கள் தொடைகளில் தட்டி அவரை அடக்கினர். தொழுகை முடிந்ததும் என்ன நேருமோ என்று அஞ்சியிருந்தவரை நாயகம் (ஸல்) அவர்கள் அதட்டவில்லை, அடிக்கவில்லை, ஏசவில்லை. இந்தத் தொழுகையில் மனிதப் பேச்சுக்கு இடமில்லை. இது தஸ்பீஹும் தக்பீரும் குர்ஆன் ஓதுதலுமே என்று மட்டும் கூறினார்கள். அவருக்கு முன்னும் பின்னும் அவரைவிடச் சிறந்த ஆசிரியரை நான் கண்டதில்லை என்னும் கருத்தில் முஆவியா (ரலி) பிற்காலத்தில் மனமுருகிக் கூறினார். மீண்டும் தொழுமாறு அவர் பணிக்கப்பட்டதாக அந்த அறிவிப்பில் இல்லை. ஆகவே, இஸ்லாத்துக்குப் புதிதாக வந்தவரோ அறிஞர்களிடமிருந்து எட்ட வளர்ந்தவரோ அறியாமல் சிறிது பேசிவிட்டால் தொழுகை முறியாது என்று ஷாஃபிஈகள் கொண்டனர். பேச்சு எவ்வாறாயினும் தொழுகையை முறிக்கும் என்பது ஹனஃபீகளின் தீர்ப்பு. தீர்ப்பில் வேற்றுமை உண்டு; கற்பிக்கும் பண்பில் வேற்றுமைக்கு இடமில்லை.

மூன்றாமவர் அம்மார் இப்னு யாஸிர் (ரலி). பயணத்தில் குளிப்புக் கடமையாயிற்று, தண்ணீர் கிடைக்கவில்லை. குளிப்புக்கு உடல் முழுவதும் நீர் படவேண்டும் என்றால், அதற்கு ஈடான தயம்முமுக்கும் உடல் முழுவதும் மண் படவேண்டும் அன்றோ என்று எண்ணினார். விலங்கு புரள்வதுபோல் மண்ணில் புரண்டெழுந்து தொழுதார். இதைக் கேட்ட நாயகம் (ஸல்) அவர்கள் கைகளைத் தரையில் தட்டி, ஊதி, முகத்தையும் கைகளையும் தடவிக்காட்டி, இவ்வளவே போதுமென்றார்கள். அவருடைய முயற்சியைப் பழிக்கவில்லை. வழியை மட்டும் திருத்தினார்கள்.

ஒன்றும் ஓதத் தெரியாதவர்

குர்ஆனில் ஒரு வரியும் மனத்தில் நிற்காதவர் என்ன செய்வார்? இந்தக் கேள்வியும் அன்றே எழுந்தது. அப்துல்லாஹ் இப்னு அபீ அவ்ஃபா (ரலி) அறிவிக்கிறார்கள்: ஒருவர் வந்து, குர்ஆனிலிருந்து எதையும் தம்மால் கற்றுக்கொள்ள இயலவில்லை, அதற்குப் பகரமாகப் போதுமானதைக் கற்றுத்தாருங்கள் என்று வேண்டினார். ஸுப்ஹானல்லாஹ், அல்ஹம்து லில்லாஹ், லா இலாஹ இல்லல்லாஹ், அல்லாஹு அக்பர் ஆகியவற்றையும் லா ஹவ்ல என்று தொடங்கும் திக்ரையும் சொல்லுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். அவர் விடவில்லை, இவை இறைவனுக்கு உரியவை, எனக்கென்று என்ன இருக்கிறது என்று கேட்டார். அருளும் உணவும் நலமும் நேர்வழியும் வேண்டிக் கேட்கும் ஒரு சிறு துஆவைக் கற்பித்தார்கள். அவர் இரண்டு கைகளையும் பொத்திக்கொண்டு எழுந்துபோனார். அவர் கைநிறைய நன்மையை அள்ளிக்கொண்டார் என்னும் பொருள்பட அண்ணலார் கூறினார்கள்.

ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம் இந்த அடித்தளத்தில் எழுந்தது. ஃபாத்திஹா தெரியாதவர் வேறு ஏழு வசனங்களை ஓத வேண்டும். அதுவும் இயலாதவர் அந்த அளவுக்கு திக்ரு சொல்ல வேண்டும். அதுவும் வராதவர் ஃபாத்திஹா ஓதும் நேரம் சும்மா நின்றால் போதும். கற்கும் கடமை அவர்மீது இருந்துகொண்டே இருக்கும். தொழுகை மட்டும் நிற்காது. வாய்பேசாமல் நிற்பவனுக்கும் வரிசையில் இடம் உண்டு என்று சட்டமே சொல்கிறது!

இருபது நாள் மாணவர்களும் ஏழு வயது இமாமும்

ஹிஜ்ரி 8இல் (கி.பி. 630) மக்கா வெற்றிகொள்ளப்பட்ட பிறகு அரபுக் குலங்கள் அலையலையாக வந்தன. ஹிஜ்ரி 9இல் தாயிஃபிலிருந்து ஸகீஃப் குலத்தூதுவர் வந்தபோது, பள்ளிவாசலின் ஒரு புறத்திலேயே அவர்களுக்குக் கூடாரம் அடிக்கப்பட்டது. ஓதுவது காதில் விழவும் தொழுவது கண்ணில் படவும் அதுவே தக்க இடம். தொழுகையிலிருந்து விலக்குக் கேட்டனர். நாயகம் (ஸல்) அவர்கள் அதற்கு இணங்கவில்லை. அக்குழுவில் வயதில் இளையவரான உஸ்மான் இப்னு அபில் ஆஸ் (ரலி), மற்றவர்கள் நண்பகலில் உறங்கும்போது நழுவிவந்து கற்றுக்கொண்டார். அவரையே அவர்களுக்கு இமாமாக்கி, வரிசையில் மிக நலிந்தவரை அளவுகோலாகக் கொண்டு தொழவைக்குமாறு அறிவுறுத்தினார்கள்.

மாலிக் இப்னுல் ஹுவைரிஸ் (ரலி) அவர்களும் ஒத்த வயதுடைய சில இளைஞர்களும் வந்து இருபது இரவுகள் தங்கினர். அவர்களின் முகத்தில் வீட்டு நினைவு படர்வதை நாயகம் (ஸல்) அவர்கள் கண்டுகொண்டார்கள். வீட்டில் யாரையெல்லாம் விட்டுவந்தீர்கள் என்று விசாரித்து, திரும்பிச் சென்று அவர்களுக்குக் கற்பிக்குமாறும், தம்மைத் தொழக் கண்டவாறே தொழுமாறும், ஒருவர் பாங்கு சொல்ல மூத்தவர் முன்னிற்குமாறும் கூறி அனுப்பினார்கள். இருபது நாளில் அவர்கள் பேரறிஞர்கள் ஆகிவிடவில்லை. கண்டது போதும், கண்டதைக் காட்டுங்கள் என்று அனுப்பப்பட்டார்கள்.

மாலிக் (ரலி) அதை மறக்கவில்லை. ஆண்டுகள் பல கழித்து பஸ்ராவின் பள்ளிவாசல் ஒன்றுக்கு வந்து, இப்போது தொழும் நோக்கம் தமக்கு இல்லை, நாயகம் தொழக் கண்டதைக் காட்டவே தொழுகிறேன் என்று கூறித் தொழுதுகாட்டினார். அதைக் கண்ட அபூகிலாபா, அத்தொழுகை தம் ஊர்ப் பெரியவர் ஒருவரின் தொழுகையைப் போன்றே இருந்தது என்றார். அந்தப் பெரியவர் முதல் ரக்அத்தின் ஸுஜூதிலிருந்து எழும்போது சற்றே அமர்ந்து எழுவார்.

யார் அந்தப் பெரியவர்? அம்ரு இப்னு ஸலிமா (ரலி). அவருடைய குழந்தைப் பருவக் கதை ஹதீஸ் நூல்களின் இனிய கதைகளுள் ஒன்று. அவர் குலத்தார் ஒரு நீர்நிலையின் ஓரம் வாழ்ந்தனர். மதீனாவிலிருந்து திரும்பும் வழிப்போக்கர்கள் அங்கே தங்கும்போது அவர்கள் ஓதும் வசனங்களைக் கேட்டுக்கேட்டுச் சிறுவர் மனப்பாடம் செய்துவிட்டார். மக்கா வெற்றிக்குப் பின் குலம் முழுவதும் இஸ்லாத்தில் இணைந்தது. குர்ஆனை அதிகம் கற்றவர் தொழவைக்க வேண்டும் என்ற செய்தியோடு தந்தை திரும்பினார். தேடிப்பார்த்தார்கள், அந்தச் சிறுவரைவிட அதிகம் தெரிந்தவர் எவரும் இல்லை. ஆறேழு வயதுச் சிறுவர் இமாமானார். அவர் மேனியிலிருந்த துணியோ சிறியது. ஸுஜூது செய்யும்போது மேலேறிவிடும். உங்கள் இமாமின் பின்புறத்தை மறைக்க மாட்டீர்களா என்று பெண்ணொருத்தி கேட்டாள். துணி வாங்கிச் சட்டை தைத்துக் கொடுத்தார்கள். அந்தச் சட்டையால் அடைந்த மகிழ்ச்சியைப்போல் வேறெதிலும் அடைந்ததில்லை என்று முதுமையிலும் அவர் சொல்லி மகிழ்ந்தார். பகுத்தறியும் சிறுவரின் பின்னே பெரியவர் தொழலாம் என்று ஷாஃபிஈகள் இதை ஆதாரமாகக் கொள்வர். கடமையான தொழுகையில் அது கூடாது என்பர் ஹனஃபீகள்.

ஒரு குலத்தின் பெரியவர்கள் அனைவரும் ஏழு வயதுச் சிறுவருக்குப் பின்னால் நின்று தொழக் கற்றார்கள். எவருக்கும் அதில் வெட்கம் இருந்ததாகத் தெரியவில்லை.

அரபி அறியாத நாடுகளில்

இவர்களுக்கெல்லாம் அரபி தாய்மொழி. மொழியே தெரியாதவர் கற்றது எங்ஙனம்? மத்திய ஆசியாவின் புகாரா நகரம் இதற்கு ஒரு விடை தருகிறது. ஹிஜ்ரி 94இல் (கி.பி. 712–713) குதைபா இப்னு முஸ்லிம் அங்கே பெரிய பள்ளிவாசலை எழுப்பினார். தொடக்கத்தில் அவ்வூரார் அரபியைக் கற்க இயலாமல் தொழுகையில் குர்ஆனைப் பார்ஸி மொழியில் ஓதினர் என்றும், ருகூவுக்கும் ஸுஜூதுக்கும் நேரம் வரும்போது ஒருவர் பின்னால் நின்று அவர்கள் மொழியில் கூவி உணர்த்தினார் என்றும் கி.பி. 10ஆம் நூற்றாண்டில் நர்ஷகீ எழுதிய புகாரா வரலாறு கூறுகிறது. எந்த ஊரில் இப்படித் தட்டுத்தடுமாறிக் கற்றார்களோ, அதே ஊரில் ஒரு நூற்றாண்டுக்குப் பின் ஹிஜ்ரி 194இல் (கி.பி. 810) ஹதீஸ் கலையின் பேரிமாம் புகாரீ (ரஹ்) பிறந்தார்! தொழக் கற்போரின் திக்கலை இகழ்பவர்கள் இதை ஒருமுறை எண்ணிப்பார்க்க வேண்டும்.

ஹிஜ்ரி 150இல் (கி.பி. 767) மறைந்த இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் தொழுகையில் பார்ஸியில் ஓதுவதை அனுமதித்தார்கள். அவர்களின் மாணவர்களான அபூயூஸுஃபும் முஹம்மதும் (ரஹ்) அரபி இயலாதவர்க்கு மட்டுமே அதைச் செல்லுமென்றனர். இமாமவர்களும் பின்னர் இக்கருத்துக்கே மாறினார்கள் என்று ஹனஃபீ நூல்கள் கூறுகின்றன. ஷாஃபிஈகள் குர்ஆனின் மொழிபெயர்ப்பைத் தொழுகையில் ஏற்பதில்லை. ஆயினும் தக்பீரை அரபியில் சொல்ல இயலாதவர் தம் மொழியில் சொல்லலாம், ஆனால் கற்றுக்கொண்டே ஆக வேண்டும் என்றனர். வழிகள் வேறாயினும் நோக்கம் ஒன்றே: கற்கும் காலத்தில் கதவு சாத்தப்படக் கூடாது.

நம் தமிழகத்தின் வழி தனிச்சிறப்புடையது. ஓதலை அரபியிலேயே நிறுத்தி, விளக்கத்தைத் தமிழாக்கிக்கொண்டனர் நம் முன்னோர். ஸலாத்துக்குத் 'தொழுகை' என்னும் பழந்தமிழ்ச் சொல்லையே வைத்தார்கள். வுளூவை 'ஒளு' என்று நாவுக்கு இசைவாக்கினார்கள். அதான் பார்ஸியின் வழியே 'பாங்கு' ஆயிற்று. ஐவேளைத் தொழுகை கடமையான வரலாற்றை 16ஆம் நூற்றாண்டில் ஆலிப் புலவரின் மிஃராசு மாலை தமிழில் பாடியது. அரபி எழுத்துகளின் மேலும் கீழும் புள்ளிகளைக் கூட்டித் தமிழ் ஒலிகளுக்கு இடமளித்து அரபுத்தமிழை வளர்த்தனர். குர்ஆன் ஓதக் கற்ற எழுத்தையே கொண்டு, தமிழ் எழுத்தறியாத பெண்டிரும் தொழுகைச் சட்டங்களை வீட்டிலிருந்தே படித்தனர். கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் ஸாஹிப் (1816–1898) அவர்களின் ஃபத்ஹுத் தையான் இவ்வகையில் தலையாயது. இலங்கையிலும் தமிழகத்திலும் தலைமுறைகள் பல அதைக்கொண்டு தொழக் கற்றன.

கடற்கரை ஊர்களின் ஷாஃபிஈ இல்லத்தில் இப்னு அப்பாஸ் (ரலி) அறிவித்த அத்தஹிய்யாத்தும், உள்நாட்டு ஹனஃபீ இல்லத்தில் இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவித்த அத்தஹிய்யாத்தும் இன்றும் ஓதப்படுகின்றன. ஒன்று, காதைப் பிடித்து வலப்பக்கம் நிறுத்தப்பட்ட சிறுவரின் பாடம். மற்றொன்று, கைகளுக்கு நடுவே கை வைத்துக் கற்றவரின் பாடம். இரண்டும் ஒரே ஆசிரியரிடமிருந்து புறப்பட்டவை.

நமக்குரிய வினா

ஆனால், நம் மக்தபுகள் பிள்ளைகளுக்காகவே அமைந்தவை. ஏழு வயதில் தொழ ஏவுங்கள் என்னும் நபிமொழியின் முற்பகுதியை விடப் பிற்பகுதியில் வரும் பத்து வயதுக் கண்டிப்பையே சிலர் நன்கு மனனம் செய்திருக்கிறோம். ஏழுக்கும் பத்துக்கும் இடையே மூன்று ஆண்டுக் கனிவு இருப்பதையும், காயப்படுத்தும் அடியைச் சட்ட அறிஞர்கள் தடுத்திருப்பதையும் மறந்துவிடுகிறோம்.

பிள்ளைகளாவது பிரம்புக்கு அஞ்சியேனும் கற்றுவிடுகிறார்கள். பெரியவர்கள் நிலை என்ன? இளமையில் வறுமையால் ஓதாமல் போனவர், கடல்கடந்து உழைத்து முதுமையில் திரும்பியவர், பிற சமயத்திலிருந்து புதிதாக வந்தவர் எனப் பலர் இருக்கிறார்கள். ஐம்பது வயதில் ஃபாத்திஹா தெரியாது என்று சொல்ல நாக்கூசுகிறது. வெள்ளிக்கிழமை கடைசி வரிசையில் நின்று, பக்கத்தில் நிற்பவரை ஓரக்கண்ணால் பார்த்துக் குனிந்து நிமிர்ந்து செல்கிறார்கள். ஒருநாள் கை சற்று இடம் மாறி இருந்ததைக் கண்டு எவரோ சபையில் உரக்கத் திருத்துகிறார். மறுவாரம் அவர் வருவதில்லை. சட்டம் காக்கப்பட்டது, தொழுபவர் இழக்கப்பட்டார்.

பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துத் தொழுவது இழிவன்று. அதுவே தொழுகை கற்ற முதல் முறை. ஜிப்ரீலைப் பார்த்து நாயகமும், நாயகத்தைப் பார்த்துத் தோழர்களும், தோழர்களைப் பார்த்து உலகமும் அப்படித்தான் கற்றன. பார்க்கப்படும் நாம் ஒழுங்காகத் தொழுகிறோமா என்பதே கேள்வி. ஒவ்வொரு பள்ளிவாசலிலும் இஷாவுக்குப் பின் கால்மணி நேரம், விளக்கு எரியும் ஒரு மூலையில், பெரியவர்களுக்கென்று தனியே ஒருவர் அமர்ந்து கற்றுத்தரட்டும். கூட்டம் தேவையில்லை, பெயர்ப்பலகை தேவையில்லை, கேட்பவரின் மானம் காக்கப்பட்டால் போதும். மாலிக் இப்னுல் ஹுவைரிஸுக்கு இருபது இரவுகள் போதுமாயிருந்தன. நம் ஊர்ப் பெரியவர்களுக்கும் அவ்வளவே போதும்.